காளிராஜை இறக்கு

மே 14, செவ்வாய்

வெள்ளிக்கிழமை அகில இந்திய ஹாக்கிப் போட்டி தொடங்குகிறது. ஊர் முழுக்க பிளக்ஸ் வைத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு எதிரில் இருப்பதுதான் பெரியது. அதில் தலைவர் படம், செயலாளர் படம், தலைவருடைய அப்பா படம், இவர்களை வாழ்த்துகிறவர்கள் படம். ஆடுகிறவன் படம் ஒன்றுகூட இல்லை. மூலையில் ஒரு ஹாக்கி மட்டை போட்டிருக்கிறார்கள். அதையும் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள்.

அழைப்பிதழ் எங்கள் அச்சகத்தில்தான் அடித்தது. தீப்பெட்டி லேபிள் வேலையை நிறுத்திவிட்டு அடித்தோம். புரூஃப் பார்த்தது நான். “டீம் பேரெல்லாம் எங்க சார் போடணும்?” என்று செயலாளர் தனசேகரனிடம் கேட்டேன். “எடம் இல்லைம்மா, சிறப்பு விருந்தினரே ஏழு பேர் இருக்காக” என்றார்.

கதிரவன் ஹாக்கி கிளப்பின் நிர்வாகத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுவேன். ஆறாம் வகுப்பிலிருந்து கேலரியில் உட்கார்ந்து பார்க்கிறேன். எங்கள் ஊரில் பையன்களுக்கு நடக்கத் தெரிந்ததும் கையில் ஸ்டிக் கொடுப்பார்கள். பெண்களுக்கு டீம் கிடையாது. அதனால் நான் அபிப்பிராயம் மட்டும் வைத்திருக்கிறேன்.

மே 15, புதன்

பதினெட்டுப் பேர் பட்டியல் வந்துவிட்டது. ஆறு பேர் கெஸ்ட். பஞ்சாபிலிருந்து மூன்று பேர், பெங்களூரிலிருந்து இரண்டு பேர், சென்னையிலிருந்து ஒருவன். பத்து நாளைக்கு வருவார்கள், லாட்ஜில் ஏ.சி. ரூம், ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். நன்றாகத்தான் ஆடுவார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஊர்ப் பையன்கள் வருஷம் முழுக்க விடிகாலையில் ஓடுவது எதற்கு? கெஸ்ட்டுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கவா?

ஏழாவதாக நிதின். தலைவருடைய தங்கை மகன், கோயம்புத்தூரில் படிக்கிறான். அவன் ஆடி யாரும் பார்த்ததில்லை. ஸ்டிக் மட்டும் நாலைந்து வைத்திருக்கிறானாம்.

கடைசிப் பெயர் காளிராஜ். என் அத்தை மகன். இடது பேக், கோலுக்கு முன்னால் இடதுபக்கம் தடுக்கிறவன். ஐந்து வருஷமாகக் கிளப்புக்கு ஆடுகிறான், அதில் போன வருஷம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்தே கழிந்தது. இந்த வருஷம் அவனுக்கு ஒரே ஒரு தடவை மைதானத்துக்குள் கால் வைக்க வேண்டும். ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஹாக்கிக்காரர்களுக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அகில இந்தியப் போட்டியில் ஆடியதாகச் சான்றிதழ் கேட்கிறார்கள், அதுவும் இரண்டு வருஷத்துக்குள் ஆடியது. பெஞ்சில் உட்கார்ந்தால் கணக்கில் வராது. உள்ளே இறங்கியதை மைதானத்து ஓரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிற அதிகாரிகள் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருஷம் விண்ணப்பிக்கலாம் என்றால் வயது தாண்டிவிடும்.

வேலை வந்தால் கல்யாணம் என்று அம்மாவும் அத்தையும் பேசி வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் பேச்சு. நான் எழுத வந்தது பட்டியலைப் பற்றி.

மே 17, வெள்ளி

முதல் ஆட்டம். நாலு மணி என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. எனக்கு அரை நாள் லீவு, ரஹ்மத்துக்கு முழு நாள் சம்பளம் பிடித்தம். அவள் என் சிநேகிதி, அதே அச்சகத்தில் பைண்டிங் செக்‌ஷன், அங்கே அப்படித்தான். இரண்டு பேரும் வெயிலில் போய் கிழக்குக் கேலரியில் உட்கார்ந்தோம். ‘மகளிர்’ என்று பலகை வைத்த இடத்தில் பந்தல், ஃபேன், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் உண்டு. அது நிர்வாகிகள் வீட்டு மகளிருக்கு.

எங்கள் ஊர் மைதானம் செயற்கைப் புல். அதில் தண்ணீர் தெளித்தால்தான் பந்து ஒழுங்காக ஓடும். லாரித் தண்ணீர் அடித்து நனைத்தார்கள். அப்புறம் பொன்னாடை. ஒவ்வொரு விருந்தினருக்கும் ஒரு பொன்னாடை, ஒரு கேடயம், ஒரு பேச்சு. உடம்பைச் சூடு பண்ணி வந்த பையன்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார்கள். பேச்சு முடிவதற்குள் புல் காய்ந்துவிட்டது. இன்னொரு லாரி வந்து திரும்பவும் நனைத்தது.

“நம்ம தெருவுக்குக் கடைசியா எப்ப தண்ணி வந்துச்சு?” என்று ரஹ்மத் கேட்டாள்.

“மறந்துபோச்சு.”

“பேசாம இங்கனயே குடி வந்துருவோமா? பொன்னாடை போடும்போதெல்லாம் கொடத்தப் புடிக்கலாம்.”

ஆட்டம் 5–0. சேலம் டீம், பாவம். நம் பக்கம் ரூபன் என்ற பையன் இடது பேக்காக ஆடினான். விளையாட்டு விடுதியில் படிக்கிறான், பத்தொன்பது வயது, லீவில் தீப்பெட்டி லோடு ஏற்றுகிறான். அவனைத் தாண்டி ஒரு பந்து போகவில்லை. மூன்றாவது பகுதியில் அவனை வெளியே கூப்பிட்டதும் கிழக்குக் கேலரி ஆரம்பித்துவிட்டது. மூன்று தட்டு, ஒரு பெயர், அப்புறம் ‘இறக்கு’. தட், தட், தட், ரூபனை இறக்கு. உடனே செயலாளர் எழுந்து பெஞ்சுப் பக்கம் ஓடினார். ரூபன் உள்ளே வந்துவிட்டான்.

இது எங்கள் ஊர்ப் பழக்கம். போன வருஷம் இப்படிக் கத்தியும் கேட்கவில்லை என்று கேலரி மொத்தமும் எழுந்து வெளியே போய்விட்டது. கலெக்டர் வந்திருந்த ஆட்டம். காலிப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு பரிசு கொடுத்தார். அதிலிருந்து கேலரி கை தட்டினால் செயலாளர் ஓடுகிறார். என்னைக் கேட்டால், ஆட்டம் தெரிந்த நிர்வாகம் கோச் பேச்சைக் கேட்கும். ஆட்டம் தெரியாத நிர்வாகம் கேலரிக்குப் பயப்படும்.

கடைசியில் ஐந்து கோல் முன்னால் இருக்கும்போது ஒருவனை இறக்கினார்கள். நிதினை. அவன் ஓடுவதைப் பார்த்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது மாதிரி இருந்தது. தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். காளிராஜ் பெஞ்சில் துண்டை மடித்துக்கொண்டிருந்தான். மடித்தான், பிரித்தான், திரும்ப மடித்தான்.

மே 18, சனி

காளிராஜ் வீட்டுக்கு வந்தான். அத்தை சீடை கொடுத்து அனுப்பியிருந்தாள். அம்மா விடவில்லை, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போட்டாள். எங்கள் வீட்டில் எல்லோரும் தரையில்தான். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி இறங்கினான். அங்கேயே நின்றான். அப்புறம் நிமிர்ந்து, “பசிக்கல அத்தை, தண்ணி மட்டும் குடுங்க” என்றான்.

நான் ஸ்டூலை எடுத்து வந்து போட்டேன். மாடியில் தூசி பிடித்துக் கிடந்தது, அதைத் துடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் எடுத்தேன்.

“ஸ்டூல்ல ஒக்காந்து சாப்பிட இவரு என்ன கல்யாண மாப்பிள்ளையா?” என்று அம்மா சிரித்தாள். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். வலது காலை நீட்டியே வைத்திருந்தான். மூன்று தடவை ரசம் வாங்கினான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, “எப்பருந்து மச்சான்?” என்று கேட்டேன்.

“எது?”

“முட்டி.”

“அது ஒண்ணுமில்ல. ஐஸ் வச்சாச் சரியாயிரும்.” தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அம்மாட்டச் சொல்லிராத. கிளப்புல யாருக்கும் தெரியாது.”

மே 19, ஞாயிறு

கால் இறுதி. 2–1. பெங்களூர் கெஸ்ட் ஒருவன் இரண்டு பெனால்டி கார்னரையும் கோலாக்கினான். கெஸ்ட்டைத் திட்டி எழுதியவள் இதையும் எழுத வேண்டும்.

ரூபனைப் பற்றி இன்னும் கொஞ்சம். நம் பக்கம் தவறு செய்து எதிர் டீமுக்குப் பெனால்டி கார்னர் கொடுத்தால் நம் ஆட்கள் கோல் லைனுக்குப் பின்னால் நிற்பார்கள். பந்து வந்ததும் ஒருவன் அடிக்கிறவனைப் பார்த்து நேராக ஓட வேண்டும். பந்து மார்பிலும் படும், பல்லிலும் படும். அந்த வேலை ரூபனுக்கு. இன்று நாலு தடவை ஓடினான், மூன்று தடவை மறித்தான். ஒரு தடவை தொடையில் வாங்கினான். சிரித்துக்கொண்டே எழுந்தான்.

ரஹ்மத் கேட்டாள், “உன் ஆள இன்னைக்கும் இறக்கலயே?”

“என் ஆளுன்னு யாரு சொன்னா?”

“சரி, உங்க அத்தை மகன. கேலரி சொன்னாத்தான் கேக்குதாகள்ல. நீ ஒரு சத்தம் குடேன்.”

“ரூபன எடுத்துட்டு அவனயா? எதுக்கு?”

“அடேயப்பா. கண்ணகி.”

நியாயமாகப் பார்த்தால் இன்றைய தேதியில் ரூபன்தான் இடது பேக். காளிராஜ் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே அளவுக்கு ஆடினான். அப்போது அவன் இடத்தில் ஒரு ஹரியானாக்காரனை ஆடவைத்தார்கள்.

மே 20, திங்கள்

தண்ணீர் வந்தது. வேலைக்கு லேட்.

மே 21, செவ்வாய்

கோச் சூசை மாஸ்டர் அச்சகத்துக்கு வந்தார். அரை இறுதி நோட்டீஸ் வாங்க வேண்டுமாம். செயலாளர் அனுப்பியிருக்கிறார். கோச்சை நோட்டீஸ் வாங்க அனுப்புகிற நிர்வாகம்.

அவர் எனக்குப் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். ரிட்டையர் ஆகிவிட்டார். கட்டு கட்டும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நேராகக் கேட்டுவிட்டேன்.

“சார், காளிராஜ் மச்சான ஏன் இறக்கல?”

“அவனுக்கு முட்டி போச்சு தாயி. திரும்ப முடியல. அவன் சொல்லல, நானும் கேக்கல.”

“ஒரு நிமிஷம் இறக்கினாப் போதும் சார். குறிச்சுக்கிடுவாகள்ல.”

“அஞ்சு கோல் முன்னால இருந்தா இறக்கலாம். ஒரு கோல் முன்னால இருக்கையில இறக்கினா அது அவனுக்கும் நல்லதில்ல, மத்தப் பத்துப் பேருக்கும் நல்லதில்ல.”

“அன்னைக்கு அஞ்சு கோல் இருந்துச்சே சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இருந்துச்சு. அவன் பேரத்தான் சொன்னேன். அதுக்குள்ள தலைவர் பந்தல்ல இருந்து ஒரு ஆள் வந்து வேற பேரு சொல்லிட்டுப் போயிட்டான்.”

எனக்குக் காது சுட்டது. “நீங்க கோச்சா, அவங்க கோச்சா?”

“நோட்டீஸ் வாங்க வந்தவன்ட்டப் போயி கேக்குறியே” என்று சிரித்தார். கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 22, புதன்

ரஹ்மத்தின் அண்ணன் லாட்ஜில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமைக்கு இன்னொரு ரூம் சொல்லியிருக்கிறார்களாம். இறுதி ஆட்டத்துக்கு ஒடிசாவிலிருந்து ஒரு கெஸ்ட் வருகிறான். பதினெட்டில் ஒருவன் வெளியே போக வேண்டும். அது நிதின் இல்லை.

ஆக, காளிராஜுக்கு நாளைய அரை இறுதிதான். நாளை வென்றாலும் தோற்றாலும் அதோடு சரி.

அம்மா அத்தையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “மேட்ச்சு முடியட்டும் மதினி, ஆடி கழிச்சு ஆவணியில நல்ல நாள் இருக்கு.” என்னிடம் போனை நீட்டினாள். நான் துணி மடிக்கிறேன் என்று சொன்னேன். எல்லாம் மடித்து முடித்திருந்தது. ஒரு சேலையைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

மே 23, வியாழன்

அரை இறுதி. எதிர் டீம் ஹைதராபாத். ஆட்டத்தைப் பற்றி வரிசையாக எழுதுகிறேன்.

பொன்னாடை இன்று மூன்று பேருக்கு மட்டும். புல் காயவில்லை.

முதல் பாதியில் 1–1. மூன்றாவது பகுதியில் பஞ்சாப் கெஸ்ட் ஒருவன் வலதுபக்கம் மூன்று பேரை ஏமாற்றிவிட்டு உள்ளே தள்ளினான். 2–1. கேலரியில் பக்கத்தில் இருந்த தாத்தா துண்டைச் சுழற்றியதில் என் கண்ணாடி போய் இரண்டு படி கீழே விழுந்தது. உடையவில்லை.

நாலாவது பகுதியில் ஹைதராபாத் ஏறி வந்துகொண்டே இருந்தது. நம் ஆட்களுக்கு மூச்சு வாங்கியது. கெஸ்ட் இரண்டு பேர் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். ரூபன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தான். காளிராஜ் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் மைதானத்தைப் பார்க்கவில்லை, மேலே கடிகாரத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருந்தது.

அப்போது கிழக்குக் கேலரியில் கைதட்டல் ஆரம்பித்தது. மூன்று தட்டு. காளிராஜை இறக்கு.

முதலில் ஒரு குரல்தான். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். இரண்டாவது தடவைக்கு முன்வரிசைப் பையன்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு அவன் பழைய ஆட்டம் ஞாபகம் இருந்திருக்கும். உள்ளூர்க்காரன் ஒருவன் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும் என்று நாலு நாளாக அவர்களுக்கு வாய் ஊறியும் இருக்கும். மூன்றாவது தடவை கேலரி முழுக்கத் தட்டியது. ரஹ்மத் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, “உக்காருடி” என்றாள்.

செயலாளர் பெஞ்சுக்கு ஓடினார். மாஸ்டர் தலையை ஆட்டியது இங்கிருந்தே தெரிந்தது. முடியாது என்று ஆட்டினார். செயலாளர் பந்தலைப் பார்த்தார், கேலரியைப் பார்த்தார். அப்புறம் அவரே காளிராஜின் தோளைத் தட்டி எழுப்பினார். யாரை வெளியே கூப்பிடுவது? கெஸ்ட் எவனையும் தொட முடியாது, அவன் கோபித்துக்கொண்டால் இறுதி ஆட்டத்துக்கு நிற்க மாட்டான். ரூபனைக் கூப்பிட்டார். நம் நிர்வாகம் ஒரு ஊர்ப் பையனுக்கு இடம் கொடுக்க நினைத்தால் இன்னொரு ஊர்ப் பையனைத்தான் எழுப்பும்.

காளிராஜ் இறங்கினான். மேஜையில் குறித்தார்கள். அதைப் பார்த்தேன்.

அங்கேயே அவனைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். ஹாக்கியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். செயலாளர் கேலரியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

இடதுபக்கம் ஒரு பந்து வந்தது. ஹைதராபாத் பையன் உள்பக்கம் வெட்டினான். காளிராஜ் திரும்ப வேண்டும். வலது கால் திரும்பவில்லை. உடம்பு ஒரு பக்கம் போனது, ஸ்டிக் ஒரு பக்கம் போய் அந்தப் பையன் ஸ்டிக்கில் விழுந்தது. கோலுக்கு முன்னால் கோடு போட்ட சர்க்கிளுக்குள். அம்பயர் கையைக் காட்டினார். பெனால்டி கார்னர்.

மாஸ்டர் ரூபனைத் தள்ளிக்கொண்டு கோட்டுக்கு ஓடினார். அதிகாரி கையை விரித்தார். பெனால்டி கார்னர் கொடுத்துவிட்டால் அது முடியும்வரை ஆள் மாற்றக் கூடாது, அது விதி. அடிக்கிறவனைப் பார்த்து ஓட வேண்டிய ரூபன் ஸ்டிக்கோடு வெளியே நின்றான். அந்த ஓட்டத்துக்கு ஒரு கெஸ்ட் நின்றான். அவன் பாதியிலேயே உடம்பைத் திருப்பிக்கொண்டான். கோல் கம்பத்தின் ஓரத்தில் காளிராஜ். பந்து கணுக்கால் உயரத்தில் அவன் பக்கம் வந்தது. முட்டியை மடக்கி ஸ்டிக்கைத் தரையில் வைத்திருந்தால் நின்றிருக்கும். அவன் இடுப்பை மட்டும் வளைத்தான்.

2–2. அப்புறம் ஷூட்-அவுட். நம் பக்கம் அடித்தவர்கள் எல்லாம் கெஸ்ட். மூன்று பேர் கோட்டைவிட்டார்கள். தோற்றோம்.

நிர்வாகம் செய்த தவறு: கோச் வேண்டாம் என்றபோது ஆளை மாற்றியது. உடம்பு சரியில்லாதவனை இறக்கியது. இறக்கியவனை உடனே எடுக்காதது.

கேலரியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. உள்ளங்கை எரிகிறது, எண்ணெய் தடவினேன்.

மே 24, வெள்ளி

அச்சகத்தில் இதே பேச்சு. “நொண்டியக் கொண்டுபோய் கம்பத்துல நிறுத்தினா?” “மாஸ்டருக்கு வயசாயிருச்சு.” “சாதிக்காரப் பையன்னு இறக்கிட்டாரு போல.” மாஸ்டருக்கும் காளிராஜுக்கும் சாதி வேறு. அது தெரிந்த ஆள்தான் இதைச் சொன்னான். கோட்டைவிட்ட மூன்று கெஸ்ட் பற்றி யாரும் பேசவில்லை.

சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனேன். முறுக்கு மாவு அரைத்துக் கொடுக்கச் சொன்னாள் அம்மா. காளிராஜ் மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கம் உட்கார்ந்திருந்தான். முட்டியில் ஐஸ் கட்டிய துணி. இப்போது மறைக்கவில்லை.

“நீதான ஆரம்பிச்ச?”

“ஊரே கத்துச்சு.”

“மொதக் குரல் யாருதுன்னு எனக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளையில இருந்து கேக்கேன்.”

நான் தொட்டி மூடியைச் சரியாக வைத்தேன்.

“என்னால திரும்ப முடியாதுன்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு?”

“உள்ள வந்ததும் எடுத்துருவாகன்னு நெனச்சேன் மச்சான்.”

“எடுத்திருவாக.” அவன் சிரித்தான். “ஆறாப்புல இருந்து இந்த நிர்வாகத்தப் பாக்க. இவுக சரியான நேரத்துக்கு ஒண்ணு செய்வாகன்னு அன்னைக்கு ஒரு நாள்தான் நம்பியிருக்க.”

கீழே இறங்கும்போது, “ஈஸ்வரி” என்றான். திரும்பினேன். “அத ஊருல சொல்லிராத. பொம்பள கத்தி எறங்கினான்னு ஆயிரும்.”

மே 26, ஞாயிறு

இறுதி ஆட்டம். யாரோ இரண்டு டீம். போனேன். நன்றாக ஆடினார்கள். பொன்னாடை பதினொன்று.

ஜூன் 2, ஞாயிறு

கிளப்பில் பொதுக்கூட்டம். தோல்விக்கு விளக்கம் கேட்டு மாஸ்டருக்கு நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். ரசிகர்கள் யாரும் வரலாம் என்று போர்டில் எழுதிப் போட்டிருந்ததால் போனேன். நான் ஒருத்திதான் பெண். டீ கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து ஒருவர் இரண்டு டீ கேட்டார்.

செயலாளர் பேசினார். உடல் தகுதி இல்லாத ஆட்டக்காரரை முக்கியமான நேரத்தில் இறக்கிய பொறுப்பு பயிற்சியாளருடையது என்றார். மாஸ்டர் எழுந்து, “நான் இறக்கல” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முட்டி போனது தெரிந்துதான் பெஞ்சில் வைத்தேன் என்று கோச்சே சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார், ஊர்ப்பேச்சு நிஜமாகி காளிராஜின் வேலை போயிருக்கும். அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போதும்.

நான் எழுந்து நின்றேன். “சார் வேண்டாம்னுதான் தலைய ஆட்டினாரு. செக்ரட்டரி சார்தான் தோளைத் தட்டி எழுப்பினாரு. கேலரில நாங்க எல்லாரும் பாத்தோம்.”

“கேலரி கத்தினதாலதானம்மா” என்றார் தலைவர், ரொம்ப மரியாதையாக. “எவனோ நாலு காலிப் பயலுக தண்ணியப் போட்டுட்டுக் கத்துறானுக.”

“நாந்தான் கத்துனேன்.”

கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. பிள்ளை மழலை பேசினால் சிரிப்பார்களே, அந்த மாதிரி. “நீ கத்தி எங்க செக்ரட்டரி ஆள மாத்தினாரா?” என்றார் ஒருவர். “அப்ப அடுத்த வருஷம் உன்னையே கோச்சாப் போட்ருவோம்” என்றார் இன்னொருவர். செயலாளர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். பெண் குரலுக்கு ஓடியதைவிட கோச் பேச்சைக் கேட்டதாக இருப்பது அவருக்கு வசதி.

மாஸ்டரை நீக்கிவிட்டார்கள். கைதூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள்.

வெளியே அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். “மன்னிச்சிருங்க சார்” என்றேன்.

“எதுக்கு? அவனுக்குச் சான்றிதழ் வந்திருச்சா?”

“வந்திருச்சு சார்.”

“ரெண்டு காப்பி எடுத்து வைக்கச் சொல்லு. இவனுக தொலைச்சிருவானுக.” சைக்கிளில் ஏறிவிட்டார்.

ஜூன் 24, திங்கள்

காளிராஜ் விண்ணப்பம் அனுப்பிவிட்டான். பதிவுத் தபால்.

ஜூலை 20, சனி

சென்னையில் தேர்வு முடிந்து காளிராஜ் காலையில் வந்துவிட்டான். ஊசி போட்டுக்கொண்டு போயிருக்கிறான், எங்கே போட்டான் என்று சொல்லவில்லை. ஓடச் சொல்வார்கள், திரும்பச் சொல்வார்கள், அதோடு முடிந்தது என்று நினைத்திருக்கிறான். ஒரு சிமெண்டுத் தரையில் நிற்கவைத்து ஐந்து பந்து அடிக்கச் சொன்னார்களாம். நின்ற இடத்தில். அடித்தானாம். சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். “அகில இந்திய அரை இறுதியா? வெரி குட்” என்றாராம் ஒரு அதிகாரி.

அரை இறுதியில் என்ன ஆடினான் என்று யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. அத்தை தெருவெல்லாம் லட்டு கொடுத்தாள். கிளப் வாசலில் புது பிளக்ஸ்: ‘எங்கள் வீரர் காளிராஜுக்கு வாழ்த்துகள்’. தலைவர் படம் பெரியது, செயலாளர் படம் அதற்கு அடுத்தது. காளிராஜ் படம் இருக்கிறது. ஆடுகிற படம் அவர்களிடம் இல்லை போல, ஆதார் கார்டு படத்தைப் போட்டிருக்கிறார்கள்.

அம்மா நாள் குறிக்க ஜோசியரிடம் போய்விட்டாள். போகும்போது, “உனக்குச் சம்மதம்தான?” என்று வாசலில் நின்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். “ஆமான்னு ஆட்டுதியா, இல்லைன்னு ஆட்டுதியா, வாயத் தொறந்து சொல்லு” என்றாள். ஆமா என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டில் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவசர ஆர்டர் என்று இன்றும் வேலை. மத்தியானம் லேபிள் கட்டு ஏற்ற தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்தது. லோடு ஏற்ற வந்தவன் ரூபன். விடுதியில் அவனைச் சேர்த்துவிட்டது சூசை மாஸ்டர்தான். இப்போது மாஸ்டர் இல்லை, புதுக் கோச் பட்டியலில் அவன் பெயர் இல்லை, கிளப்பிலிருந்து கடிதம் வராததால் விடுதியிலும் இடம் புதுப்பிக்கவில்லை. நான் கேட்டதற்குத்தான் சொன்னான். புகார் மாதிரிச் சொல்லவில்லை. கட்டை ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். நல்ல நடை. முட்டி முழுசாக மடங்குகிறது.

அவனுக்கும் ஒரு லட்டு கொடுத்தேன். டப்பாவில் இரண்டு மிச்சம் இருந்தது. வாங்கிக்கொண்டான்.

“காளி அண்ணனுக்கு வேலையாமே. நல்லதுக்கா.” லட்டை வாயில் போட்டுக்கொண்டு, கையைச் சட்டையில் துடைத்தான். “அக்கா, அன்னைக்கு நான் கேலரிப் பக்கத்துக் கோட்டுகிட்டதான் ஆடிக்கிட்டிருந்தேன். மொதச் சத்தம் நீங்க குடுத்தத நான் பாத்தேன்.”

நான் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கும் ஒரு தடவ கத்துவீங்களாக்கா?”

வம்புக்குக் கேட்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். ரூபன் கடைசிக் கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, பதிலுக்காக அங்கேயே நின்றான்.